சீமைச் சோப்பும் செத்துப்போன இளவரசனும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் போதும், "அந்தக் காலத்து வாத்தியாருங்க மாதிரி இனிமே வருமா" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். பல் போன வாயால் பிரம்படியைப் பற்றி எச்சில் ஊறப் பேசுகிறீர்கள். பேசுங்கள். எனக்கும் அந்தக் காலத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். ஆம்பூரில் நாம் படித்த பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், உங்களுக்கும் அவர்தான். போன மாதம்கூட உங்களில் ஒருவர் அவரைத் தெய்வம் என்றார். நான் காபியை முடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் காலம். நாம் ஐந்தாம் பாரம் படித்த வருஷம், பள்ளி முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி. மழை விட்டு, பாலாற்றில் ஒரு ஓரமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கத் தோல் நாற்றம், ஈரப் பட்டை நாற்றம், சுண்ணாம்பு நெடி. வெளியூர்க்காரன் ரயில் ஜன்னலைச் சாத்துவதைப் பார்த்துத்தான் ஆம்பூர் வந்துவிட்டது என்று மற்றவர்கள் தெரிந்துகொள்வார்கள். நமக்கு மூக்கு என்று ஒன்று இருந்ததே மறந்து போயிருந்தது.

என் அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் பட்டைக் குழி வேலை. ஆவாரம்பட்டையை இடித்துத் தண்ணீரில் ஊறப் போட்டிருப்பார்கள். சுண்ணாம்பில் மயிர் கழன்ற தோல்கள் அந்தக் குழியில் கிடந்து ஊறும். தினமும் உள்ளே இறங்கி அவற்றைப் புரட்டிப் போட வேண்டும். விடிந்ததும் நானும் அப்பாவோடு இறங்குவேன். பள்ளி மணி அடிப்பதற்குள் மேலே ஏறி, காலைக் கழுவிக்கொண்டு ஓடி வருவேன். இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று சொன்னவர்கள் இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கும் என் வணக்கம்.

பட்டைத் தண்ணீர் கையில் ஏறினால் போகாது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மங்கலாக ஒரு மஞ்சள் பழுப்பு நிறம் நின்றுவிடும். கல்யாணம், காரியம் என்று எங்காவது போக வேண்டுமென்றால் என் அம்மா எலுமிச்சம்பழ மூடியால் எங்கள் கைகளைத் தேய்த்துவிடுவாள். புளிப்புப் பட்டால் நிறம் கொஞ்சம் அடங்கும். சோப்பு மட்டும் படக்கூடாது. சோப்போ சலவைச் சோடாவோ பட்டால் அந்தப் பழுப்பு சிவந்துபோகும். தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவக்கும். குழி வேலைக்காரர் வீட்டுச் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. பி.ஏ. படித்த ஹெட்மாஸ்டருக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம்தான் வேலூரில் தனிமொழிப் போட்டி வைத்தார்கள். ஆற்காடு, குடியாத்தம், வாணியம்பாடி என்று சுற்றுப்பட்ட ஊர்களின் பள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு மாணவனை அனுப்ப வேண்டும். அவன் மேடையில் ஒற்றை ஆளாக நின்று, பழைய நாடகத்திலிருந்து ஒரு பாத்திரம் பேசும் நீண்ட பேச்சைப் பேசிக் காட்ட வேண்டும். வேஷம் கட்டக்கூடாது, அரிதாரம் கூடாது, கையில் ஒரு குச்சிகூடக் கூடாது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தொண்டை, முகம், இவ்வளவுதான். முகத்திலோ உடம்பிலோ துளி சாயம் இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். தெருக்கூத்து வேறு, உயர்ந்த நாடகம் வேறு என்று காட்டுவதற்கு வைத்த விதியாம். விதி வைத்தவர் பள்ளிகளை மேற்பார்வை பார்க்கும் வெள்ளைக்காரத் துரை. போட்டிக்கு நடுவரும் அவரே. அவருக்குத் தெரிந்த தமிழ் 'போ', 'வா', 'தண்ணி'. தமிழ்ப் பேச்சுப் போட்டிக்கு இவர் நடுவர். அந்தக் காலம் பொற்காலம் என்கிறீர்களே, அதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பரிசு நிஜமான பரிசு. ஜெயித்தவனுக்கு மதராஸ் கல்லூரியில் சம்பளம் கட்டாமல் இடம், சாப்பாட்டோடு விடுதி. எனக்கு வேறு வழியே கிடையாது. ஆறாம் பாரம் முடிந்தால் குழி, இல்லையென்றால் இந்தப் பரிசு. அப்பாவும் அதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். "இன்னாமோ ராஜா மாதிரி பேசணுமாமே. பேசு. தொண்டை கட்டிக்காம பாத்துக்க" என்று சொல்லி, காலையில் என்னைக் குழியிலிருந்து சீக்கிரமே மேலே அனுப்பிவிடுவார். என் பங்கையும் அவரே புரட்டுவார்.

எனக்குப் பேச்சு சொல்லிக் கொடுத்தவர் தமிழ்ப் பண்டிதர். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தபடியே அழக்கூடிய மனிதர். வடமொழி நாடகம் ஒன்றை அவரே தமிழாக்கி வைத்திருந்தார். ராஜா வேட்டைக்குப் போகிறான். அந்தி நேரத்தில் புதர் அசைகிறது. மான் என்று நினைத்து அம்பு விடுகிறான். போய்ப் பார்த்தால் அவனுடைய சொந்தப் பிள்ளை. பிள்ளையின் உடம்பைப் பார்த்து ராஜா பேசுவதுதான் என் பேச்சு. நடுவில் ராஜா தன் இரண்டு கைகளையும் சபைக்கு நேராக நீட்டி, "நாணேற்றத் தெரிந்த கரங்களே, மகனைத் தூக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்க வேண்டும். அந்த இடம் வந்தால் பண்டிதர் ஒவ்வொரு தடவையும் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இல்லாத இளவரசனுக்காக அவ்வளவு கண்ணீர். எதிரில் நிற்கிற பையன் காலையில் சாப்பிட்டானா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இருந்தாலும் அவருக்குத் தொழில் தெரியும். "கத்தாதே. ராஜா சத்தம் போட மாட்டான். அடிக்குரல்ல ஆரம்பி. சபை உன்கிட்டே குனிஞ்சு வரணும்" என்பார். நான் பாலாற்று மணலில் நின்று பேசிப் பழகினேன். உலரப் போட்டிருந்த தோல்கள்தான் சபை. உங்களில் பல பேரைவிட அவை நன்றாகக் கேட்டன.

போட்டிக்கு முந்தின நாள் அம்மா இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து என் கைகளைத் தேய்தேய் என்று தேய்த்தாள். நகத்துக்கு அடியில் எரிந்தது. மறுநாள் காலையிலும் ஒரு தடவை தேய்த்தாள். நிறம் நன்றாக அடங்கியிருந்தது. வெயிலில் அலைந்தவன் கை என்று நினைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். "தண்ணிகூடப் படாம பாத்துக்க" என்று சொல்லி அனுப்பினாள்.

ஹெட்மாஸ்டரும் பண்டிதரும் நானும், வேடிக்கை பார்க்க உங்களில் நாலைந்து பேரும் ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஜட்கா வண்டியில் வேலூர் போனோம். ஜட்காவில் ஹெட்மாஸ்டரின் மடியில் ஒரு ஓலைப் பெட்டி. துரைக்குக் கொடுப்பதற்காக ஆற்காட்டிலிருந்து வரவழைத்த மக்கன் பேடா. சர்க்கரைப் பாகு ஒழுகி அவருடைய கோட்டில் பட்டது. நாள் முழுக்க ஈக்கள் அவரைச் சுற்றிக்கொண்டே இருந்தன.

மண்டபத்து வாசலில் அவருடைய பார்வை என் கையில் விழுந்தது. எலுமிச்சையால் அடங்கியிருந்த நிறம்தான். அதுவே அவருக்கு ஜாஸ்தி.

"என்னப்பா கை இது? துரைசானியும் வந்திருக்காங்க. ஆம்பூர்னாலே தோல்னு நினைச்சுக்கப் போறாங்க."

ஆம்பூர் என்றால் தோல்தான். வேறென்ன, பட்டா?

அவருடைய பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளை டேனரி வேலைக்கு அனுப்புகிறார்களா என்று துரை ஒரு தடவை கேட்டிருந்தார். நம் பள்ளியில் அப்படி ஒரு பிள்ளைகூடக் கிடையாது, எல்லோரும் வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள், உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள் என்று இவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி வைத்திருந்தார். பள்ளிக்கு மாடி கட்டிக் கொடுத்தவர் எங்கள் டேனரி முதலாளி. அவர் பெயருக்கும் கெடுதல் வரக்கூடாதல்லவா?

குழாயடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். பையிலிருந்து ஒரு சோப்பை எடுத்தார். சீமைச் சோப்பு, ரோஜா வாசனை. அப்படி ஒரு வாசனையை நான் அதுவரை முகர்ந்ததே இல்லை.

"சார், சோப்பு வேணாம் சார். சோப்பு போட்டா ஜாஸ்தி சிவக்கும்."

"அழுக்குக்குச் சோப்புப் போடாம சந்தனமா பூசுவாங்க? நீட்டு கையை."

"அழுக்கு இல்ல சார். பட்டைச் சாயம். எலுமிச்சம்பழம் இருந்தா..."

"எனக்குப் பாடம் நடத்துறியா?"

நீட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்? அவரே தேய்த்தார். தெய்வம் தன் கையால் என் கையைத் தேய்த்தது என்று வேண்டுமானால் நீங்கள் எழுதி மாட்டிக்கொள்ளலாம். தேய்க்கத் தேய்க்கச் செங்கல் நிறம் ஏறிற்று. அவர் பயந்துபோய் இன்னும் பலமாகத் தேய்த்தார். அதற்குள் உள்ளே மணி அடித்து நம் பள்ளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். "கையைப் பின்னாலே கட்டிக்கிட்டுப் பேசு" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

எனக்கு முன்னால் பேசியவன் வேலூர்ப் பள்ளிப் பையன், தாசில்தார் மகன். முதல் நாலு வரி பேசினான். ஐந்தாவது மறந்துபோயிற்று. "ஐயகோ" என்றான். கொஞ்சம் யோசித்தான். மறுபடி "ஐயகோ" என்றான். பிறகு அப்பாவைப் பார்த்தான். தாசில்தார் கை தட்டினார், சபையும் தட்டிற்று. பையன் கும்பிட்டுவிட்டு இறங்கினான். ஒன்று சொல்ல வேண்டும், கும்பிடு மட்டும் அழகாக இருந்தது.

நான் மேடை ஏறினேன். மேலே பெரிய துணி விசிறி, யாரோ வெளியே கயிற்றை இழுக்க இழுக்க அது முனகிக்கொண்டு ஆடிற்று. முதல் வரிசையில் துரை, துரைசானி, தாசில்தார், மோட்டாரில் வந்திருந்த எங்கள் முதலாளி. அடிக்குரலில் ஆரம்பித்தேன். பண்டிதர் சொன்னது பலித்தது, சபை குனிந்து வந்தது. துரைசானிகூட விசிறிக்கொள்வதை நிறுத்திவிட்டாள். நான் மண்டபத்தில் இல்லை, அந்திக் காட்டில் நின்றேன். கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னதெல்லாம் மறந்தேபோயிற்று. அந்த இடம் வந்ததும் இரண்டு கைகளையும் முழுசாக நீட்டி, "நாணேற்றத் தெரிந்த கரங்களே" என்றேன்.

முழங்கை வரை ரத்தச் சிவப்பு. துரைசானி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் முடித்தபோது உங்களில் ஒருவன் அழுதுகொண்டிருந்தான். யாரென்று எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன், அவன் ஒருவனாவது அழுதான்.

துரை எழுந்தார். பேச்சு மிக நன்றாக இருந்தது என்று இங்கிலீஷில் சொன்னார். ஆனால் கையில் சாயம் பூசியிருக்கிறான், அது விதிக்கு விரோதம் என்றார். நல்ல மனிதர், ஒரு வழியும் சொன்னார். பையன் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வரட்டும், சாயம் போய்விட்டால் பேச்சைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

மறுபடியும் குழாயடி. மறுபடியும் அந்தச் சோப்பு. நான் எலுமிச்சம்பழம் என்று ஆரம்பித்தேன், ஹெட்மாஸ்டர் என் காதைத் திருகினார். இந்தத் தடவை வேலூர்ப் பள்ளிப் பியூன் வேறு சலவைச் சோடாவைக் கொண்டுவந்து தூவினான். அந்த வாளித் தண்ணீரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்த்தீர்கள், வாசலில்தான் நின்றுகொண்டிருந்தீர்கள்.

மேடைக்கு நான் திரும்பியபோது கை முன்னைவிடச் சிவந்திருந்தது. துரைக்குக் கோபம் வந்துவிட்டது. கழுவி வா என்றால் மறுபடி பூசிக்கொண்டு வந்திருக்கிறான் என்றார். ஹெட்மாஸ்டரைப் பார்த்து நேராகவே கேட்டார், இது சாயமா இல்லையா என்று.

நான் முதலாளியைப் பார்த்தேன். தினமும் விடிகாலையில் அவருடைய குழியில் இப்படிப்பட்ட கைகள்தான் வரிசையாக நிற்கும். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். பண்டிதரைப் பார்த்தேன். அவர் பொடி டப்பாவுக்குள் தன் தமிழைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். 'இது தொழில் நிறம், துரையே' என்று அந்த மண்டபத்தில் எவன் சொல்லியிருந்தாலும் நான் மதராஸ் போயிருப்பேன்.

ஹெட்மாஸ்டர் முதுகை வளைத்துக்கொண்டு, "சாயம்தான் துரை. விளையாட்டுப் பிள்ளை. எங்களுக்குத் தெரியாமப் பூசிட்டான்" என்றார். அதை இங்கிலீஷிலும் சொன்னார். அவர் இங்கிலீஷ் மிக நன்றாக இருக்கும் என்று சொல்வீர்களே, இருந்தது.

தாசில்தார் மகனுக்கு முதல் பரிசு. அடக்கமான நடிப்பு என்று துரை பாராட்டினார். ஐயகோ.

திரும்பி வரும்போது ரயிலில் ஹெட்மாஸ்டர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அன்பாகப் பேசினார். கோபமாக இருந்தபோது அவரைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. "உன்னாலே ஸ்கூலுக்குக் கெட்ட பேரு. பரவாயில்லே. திங்கட்கிழமை பிரார்த்தனையிலே எல்லார் முன்னாலும் நின்னு, நான்தான் சாயம் பூசினேன், மன்னிக்கணும்னு சொல்லிடு. நான் துரைக்கு எழுதறேன். அடுத்த வருஷமும் உன்னையே அனுப்பறேன். சொல்லலேன்னா பேரை எடுத்துடுவேன்" என்றார். பண்டிதர் ஜன்னல் வழியாகப் பாலாற்றை ரசித்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் சொன்னேன். அம்மா என் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா நெடுநேரம் பீடி பிடித்தார்.

"சொல்லிட்டுப் போடா" என்றார் கடைசியில். "வாய்தானே. தேஞ்சா போவும்? அடுத்த வருஷம் ஜெயிச்சிக்கலாம். இந்தக் குழிலே நான் ஒருத்தன் கெடந்தா போதும்."

"பொய்யிப்பா அது."

"தெரியுது. பொய்தான். சொல்லிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆற்று மணலில் நின்று மன்னிப்பைப் பேசிப் பழகினேன். உண்மையாகவே சொல்லிவிடத்தான் இருந்தேன். அப்பா கேட்டுக்கொண்டாரே.

திங்கட்கிழமை பிரார்த்தனை. பாட்டு முடிந்து ஹார்மோனியம் நின்றது. ஹெட்மாஸ்டர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று அவரே முதலில் சொன்னார். ஒழுக்கம் என்றார், உண்மை என்றார். உண்மையைப் பற்றி வெகுநேரம் பேசினார். அதோடு விட்டிருந்தால் நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன். போகிற போக்கில், "இந்த அசிங்கத்தைச் சபையிலே காட்ட எப்படித்தான் மனசு வந்ததோ" என்றார். கீழே சின்ன வகுப்பில் குழி வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அடிக்குரலில் ஆரம்பித்தேன்.

"ஹெட்மாஸ்டர் ஐயா சொன்னது சரி. என் கையில் இருப்பது சாயம்தான். ஆவாரம்பட்டைச் சாயம். என் அப்பா பூசியது. அவர் கையிலும் அதுதான் இருக்கிறது."

ஹெட்மாஸ்டர் தலையை ஆட்டினார். மன்னிப்பு இனிமேல்தான் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டார் பாவம். சபை குனிந்து வந்தது.

"அதே சாயத்தை என் அப்பா இந்த ஹார்மோனியத்தின் துருத்தித் தோலிலும் பூசியிருக்கிறார். ஐயா கையில் இருக்கிற புஸ்தகத்தின் தோல் அட்டையிலும் பூசியிருக்கிறார். ஐயா காலில் இருக்கிற பூட்ஸிலும் அதே சாயம். அசிங்கம் என்று ஐயா சொன்னதால் எல்லாவற்றையும் குழாயடிக்குக் கொண்டுபோகலாம். என்னிடம் சோப்பு இல்லை. ஐயாவிடம் இருக்கிறது."

இரண்டு கைகளையும் நீட்டி முடித்தேன். வேலூரில் பேசியதைவிட நன்றாகப் பேசினேன். இளவரசன் செத்ததில் எனக்கு உண்மையில் அவ்வளவு துக்கம் இருந்ததில்லை.

ஒருவர்கூடக் கை தட்டவில்லை. எல்லோரும் அந்த பூட்ஸையே பார்த்தீர்கள். ஹெட்மாஸ்டரும் குனிந்து பார்த்தார். ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். அப்புறம் பிரம்பு எடுத்துவரச் சொன்னார். எடுத்துவர ஓடியவன் உங்களில் ஒருவன்தான்.

அடித்து முடித்துப் பேரையும் அடித்துவிட்டு, வெளியே போகச் சொன்னார். நேராக டேனரிக்குப் போனேன். அப்பா குழிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தோல் புரட்டிக்கொண்டிருந்தார். பள்ளி நேரத்தில் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னே?"

குழி ஓரத்தில் நின்று, சொன்னதையெல்லாம் சொன்னபடியே சொன்னேன். பூட்ஸ் வந்ததும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் குழிக்காரரைக் கூப்பிட்டு, மறுபடி சொல்லச் சொன்னார். அவரும் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. குழியின் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

சிரித்து ஓய்ந்ததும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்போ உன்னை எந்த ஸ்கூல்லடா கொண்டுபோய்ச் சேப்பேன்?" என்றார்.

பிறகு, என்னைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கி வரச் சொன்னார்.